கையுறை பொய் சொல்லும்

ஜூன் 9, திங்கள்

படிகம் வந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தின் அளவு, ஆரஞ்சு மிட்டாய் நிறம், மூலைகளில் பிசிறு இல்லை. ஆறு மாதமாகக் கலங்கலையும் விரிசலையுமே பார்த்த கண்ணுக்கு இது திருவிழா. மற்ற உப்பெல்லாம் ஆற ஆறப் படியும். இந்த மகராசி மட்டும் சூடு ஏற ஏறத்தான் படிவாள். காலையிலிருந்து எண்ணெய்த் தொட்டியில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கூட்டி, பக்கத்தில் தும்மக்கூடப் பயந்து நின்றேன்.

பெரோவ்ஸ்கைட் என்று இதற்குப் பெயர். ஈயமும் புரோமினும் ஒரு கரிமக் கூறும் சேர்ந்த குறைகடத்திப் படிகம். அழுத்தினால் மின்துடிப்பு வரும். வெளிச்சம் காட்டினாலும் வரும். இது தொடல், இது ஒளி என்று ஒரே கல் பிரித்துச் சொல்லிவிட்டால், கை இழந்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கை விரலுக்கு ஒரு நுனி கிடைத்துவிடும். அதுதான் என் ஆராய்ச்சி. கல்யாணமான புதிதில் கோகிலாவிடம் இதை விளக்கியபோது, "கல்லுக்கு உசுரு குடுக்கறீங்களாக்கும்" என்றாள். இதைவிட நல்ல சுருக்கம் எந்தக் கட்டுரையிலும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆய்வகப் பதிவில் சூட்டை எழுதலாம், நேரத்தை எழுதலாம், சந்தோஷத்தை எழுத இடம் கிடையாது. அதற்குத்தான் இந்த டைரி.

சாயங்காலம் முல்லைக்குப் பருப்புச் சோறு ஊட்டினேன். கோகிலா பம்ப்செட் கம்பெனியிலிருந்து வர எட்டு மணி ஆகும், அதனால் ஊட்டுவது என் இலாகா. நெய்யை விட்டு நன்றாகப் பிசைந்து, சின்ன உருண்டையாக உருட்டி, ஜன்னலில் காக்காயைக் காட்டிக்கொண்டே கொடுத்தால் தட்டு காலி. கடைசியில் என் விரலையும் சப்பிவிட்டுத்தான் விடுவாள். இரண்டரை வயதுக்கு வாய் நீளம். "அப்பா, காக்கா வீட்டுக்குப் போகுது, அதுக்கு நாளைக்கு ஆபீசு" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

நாங்கள் அனுப்பிய கட்டுரைக்கு மதிப்பீட்டாளரிடமிருந்து பதில். ஒரே ஒரு கேள்வி, ஆனால் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. அழுத்தும்போது நீங்கள் பார்க்கும் துடிப்பு உண்மையிலேயே படிகம் தருவதுதானா, உரசலில் வரும் நிலைமின்சாரமா? புதிய படிகங்களை வெட்டி, தேய்த்து, எல்லா முகங்களிலும், இருட்டிலும் வெளிச்சத்திலும் அளந்து ஆகஸ்டு முடிவுக்குள் காட்ட வேண்டுமாம்.

என் ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் ஐசக் சிரித்தார். இதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. ரப்பர் கையுறை எதில் உரசினாலும் நிலைமின்சாரம் ஏறும், மீட்டர் துள்ளும், துள்ளியது கல்லா கையுறையா என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் எங்கள் ஆய்வகத்தில் கையுறை கிடையாது. மணிக்கட்டில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையைத் தரையோடு இணைத்துவிட்டு, வெறுங்கையால்தான் எல்லாம். "கையுறை பொய் சொல்லும், வெறுங்கை சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் பாடம் அது.

பர்வீன் மட்டும் பொடி நிறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வாள். எனக்கு அடுத்த ஆண்டு சேர்ந்தவள். "கல்யாண வீட்டுல பந்தி பரிமாறப் போறியாம்மா?" என்று பேராசிரியர் கேட்க, நானும் சிரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

முல்லைக்கு வயிற்றுவலி. வெளிக்குப் போய் நாளாகிறது. இரண்டு வாரமாகச் சிணுங்கல் வேறு. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைச் சுரண்டி வாயில் போடுகிறாள். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்றாள் கோகிலா. பிறகு அதுவும் போதாதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடிக்கவில்லையாம், அதனால் கண்ணேறு உறுதியாம். இயற்பியல் படித்தவன் வீட்டில் இப்படியா என்று கேட்டதற்கு, இயற்பியல் வந்து பிள்ளைக்கு வயிறு தடவிவிடுமா என்று கேட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

நாள் முழுக்க உப்புத்தாளில் படிகம் தேய்த்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, ஒரே சீராக. இயந்திரத்தில் தேய்த்தால் விரிசல் விடுகிறது. விரலுக்குத்தான் அந்த நிதானம் தெரியும். விரல்நுனி மஞ்சள் பூசியது போல இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

இருட்டில் அழுத்தினால் துடிப்பு கணீரென்று வருகிறது. விளக்கைப் போட்டதும் அமுங்கிவிடுகிறது. ஒளி பட்டதும் உள்ளே மின்னூட்டங்கள் சுதந்திரமாக ஓட ஆரம்பிக்கின்றன; அழுத்தத்தால் சேர்ந்ததும் அந்த ஓட்டத்தோடு ஒழுகிப்போகிறது. இதைத்தான் பிரிக்க வேண்டும்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பர்வீன் கேட்டாள். "அண்ணா, சோப்புப் போட்டீங்களா?" தண்ணீரில் கழுவியிருந்தேன், அதைச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்து, தன் டப்பாவைத் திறந்துகொண்டாள். ஈயம் படிகத்துக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது, ஓடிவந்து கடிக்காது என்று சொன்னேன். தண்ணீரில் போட்டால் இந்தப் படிகம் நிமிஷத்தில் வெளுத்துக் கரைந்துவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வாயில் ஒரு வாரமாகச் செம்புக் காசைக் கடித்த சுவை. பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 5, சனி

குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். முல்லை அவர் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கும்.

எழுதிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், வீட்டில் பழைய பெயின்ட் இருக்கிறதா, பேட்டரி, பட்டறை மாதிரி வேலை யாராவது பார்க்கிறீர்களா, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறேன் என்றேன். ஓ, படிப்புதானே என்று சொல்லி இரும்புச்சத்து டானிக் எழுதினார். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். வெளியே கூட்டம் வேறு நின்றுகொண்டிருந்தது.

ஜூலை 10, வியாழன்

முல்லை இப்போதெல்லாம் ஏன் பேசுவதில்லை என்று கோகிலா கேட்டாள். பேசுகிறாளே என்றேன். "பேசறாளுங்க. 'வேணும்', 'வேண்டா'. போன மாசம் கதை சொன்ன புள்ளைங்க" என்றாள். பிள்ளைகள் ஏறி இறங்கித்தான் வளரும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

பிரிந்துவிட்டது! ஒளியால் வருவது நின்று நிதானமாக ஏறுகிறது. தொடலால் வருவது சட்டென்று துள்ளி விழுகிறது. படிகத்தின் இரண்டு முகங்களில் தனித்தனியாக மின்முனை வைத்தால் ஒன்று கண், மற்றொன்று தோல். ஒரே கல். விளக்கைப் போட்டு, விரலால் தொட்டு, விளக்கை அணைத்து, மறுபடி தொட்டு, மாலைவரை விளையாடினேன். பேராசிரியர் தோளைத் தட்டினார். ஒரு மயிலிறகு போட்டாலும் உணர்கிறது.

இன்று முல்லைக்கு ஸ்பூனில் ஊட்டினேன். தட்டிவிட்டாள். ஸ்பூனுக்குக் காரணம் ஒன்றுமில்லை, விரலில் ஒரு கீறல்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் முல்லையைத் தூக்கினேன். இதென்ன புது ஆசாரம் என்று கோகிலா கேலி செய்தாள். வியர்வை என்றேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். சட்டையைத் தனியாக ஊறப்போட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஈயத்தைப் பற்றி இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

ஜூலை 19, சனி

கோகிலாவுக்கு இன்று கம்பெனி உண்டு. முல்லையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு கையிலும் குத்தினார்கள். முல்லை அப்பா அப்பா என்று என் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள். பிடித்து வைத்திருப்பவனே நான்தான் என்பது பாவம் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஊழியர் சீட்டைப் பார்த்து, ஈயமா, இதை யாரும் எடுப்பதில்லையே, டாக்டர் எழுதினாரா என்று கேட்டார். நானே கேட்டேன் என்றேன். மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமாம்.

திரும்பும்போது பூங்காவுக்கும் போனோம். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று. ஊஞ்சலில் உட்காரவைத்தால் இறங்கிவிட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

முடிவு வந்தது. கைபேசியில்தான் வந்தது. ஒரு பிள்ளையின் உடம்பில் இருக்கவே கூடாதது, பல மடங்கு இருக்கிறது.

கீழே இறங்கி கல்லூரி வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். என் முல்லை. நான் பிசைந்த சோறு. நெய் விட்டு, சூடு பார்த்து, ஊதி ஊதிக் கொடுத்த சோறு. சுவரில் இல்லை, பெயின்டில் இல்லை, யார் கண்ணிலும் இல்லை.

ஜூலை 26, சனி

கோகிலா இன்று லீவு. தோசைக்கல்லை இறக்கும்வரை காத்திருந்து, சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்களே, அதில் என்ன என்று கேட்டாள். அது வெள்ளீயம், இது காரீயம், குழந்தைகளின் மூளையைத் தின்கிறது என்றேன். இப்படி உடைத்துச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சுற்றி வளைத்துச் சொல்லும் திறமையெல்லாம் தீர்ந்துவிட்டது.

"உங்க கையில இருந்தா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க ஊட்டுனதுலயா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் கேஸை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

முடிவு நேற்றுதான் வந்தது என்றேன்.

"முடிவைக் கேக்கலீங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்னு கேட்டேன்."

ஸ்பூன் எடுத்த அன்றைக்கு என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "டாக்டரம்மா கேட்டாங்களே. பெயின்டா, பேட்டரியா, நீங்க என்ன பண்றீங்கன்னு. நானும் பக்கத்துலதானுங்களே உக்காந்திருந்தேன்."

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. டாக்டரம்மாவிடம் போனோம். அவரிடம் கோகிலாதான் சொன்னாள், ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தாமல். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோகிலா முல்லையைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டைச் சுத்தம் செய்யாமல் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

பெருக்கக் கூடாது, தூசி பறக்கும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். தரை, கட்டில் கால், செருப்பு வைக்கும் இடம், பைக் இருக்கை. என் சட்டைப்பையின் தையலுக்குள் ஆரஞ்சுப் பொடி ஒரு கோடாக நின்றது. முல்லையைத் தூக்கினால் அவள் கன்னம் படும் இடம் அது. சட்டையை மூட்டையாகக் கட்டி வைத்தேன்.

மருந்து கொடுக்க ஆரம்பித்தாயிற்று. அழுகிய முட்டை வாடையாம். பழச்சாற்றில் கலந்து மூக்கைப் பிடித்துக் கொடுக்கிறார்களாம். கோகிலாவின் அக்கா போனில் சொன்னார்.

ஆகஸ்டு 6, புதன்

பேராசிரியரிடம் சொன்னேன். முதலில், கட்டுரை முடியும்வரை பொறுக்க முடியாதா என்றார். உடனே தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பர்வீனும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம்.

மதியம் பர்வீன் ஒரு காரியம் செய்தாள். செம்புக் கம்பி வலையைப் பெட்டியாக வளைத்து, தரையோடு இணைத்து, படிகத்தை அதற்குள் வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு மரக்குச்சியால் அழுத்தினாள். மீட்டரில் அதே துடிப்பு, அதே உயரம். மின்முனைகளை மாற்றி இணைத்தாள், துடிப்பு தலைகீழாக விழுந்தது. நிலைமின்சாரமாக இருந்தால் அப்படிப் புரளாது. மதிப்பீட்டாளர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. கொசுவலை அடிக்கிற கடையில் கிடைக்கும் கம்பி வலை.

கல் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. என் வெறுங்கைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

ஆகஸ்டு 18, திங்கள்

எனக்கும் அதிகம். பேராசிரியருக்கும். பர்வீனுக்கு மிகக் குறைவு. அவளிடம் ஏன் அன்று சாப்பாட்டு நேரத்தில் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களாண்ணா?" என்றாள். கேட்டிருக்க மாட்டேன். பந்தி பரிமாறப் போகிறாயா என்று இன்னொரு தடவை சிரித்திருப்பேன்.

கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்: தொடக்க அளவீடுகளில் படிகங்களை வெறுங்கையால் கையாண்டோம், இது தேவையற்றது, ஆபத்தானது, யாரும் பின்பற்ற வேண்டாம். இதையெல்லாம் யாராவது எழுதுவார்களா என்றார் பேராசிரியர். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டாவது பரிசோதனை. இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முல்லையைப் பார்த்தேன். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "இனி ஏறாது. ஆனா ஏறினது என்ன பண்ணியிருக்குன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போறப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும். தெரியாமலேயும் போகலாம்." கோகிலா தலையாட்டினாள். அவளும் நானும் இதைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கினோம். பேருந்து ஏறும்போது, "ஞாயித்துக்கிழமை வேணும்னா வாங்க" என்றாள். எந்த ஞாயிறு என்று கேட்கத் துணிவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

திருப்பூர் போனேன். புதுச் சட்டை, ஆய்வகத்துக்குள் நுழையாத செருப்பு. கோகிலாவின் அக்கா காபி கொடுத்தார், ஊர்க்கதை பேசினார். முல்லை சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மதியம் கோகிலா வந்து, கை கழுவ வாங்க என்றாள். சாப்பாட்டுக்கு என்று நினைத்துப் போனேன். குழாயடியில் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்புப் போட்டு, ஒரு பழைய பிரஷால் ஒவ்வொரு நகத்தின் அடியிலும் தேய்த்தாள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, ரேகை. அலசி, மறுபடி முதலிலிருந்து. தோல் எரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

பிறகு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பருப்புச் சோறு.

"ஊட்டுங்க."

வேண்டாம் கோகிலா என்றேன். அவள் நகரவில்லை. பிசைந்தேன். சின்ன உருண்டையாகப் பிடித்து முல்லையின் வாயருகே கொண்டுபோனேன். அவள் சோற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தடவை முயன்றேன். மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது சரியென்றே பட்டது. பிள்ளை சரியாகத்தான் செய்கிறது. உருண்டையைத் தட்டிலேயே வைக்கப் போனேன்.

கோகிலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள், முல்லைக்குத் தெரியும்படி.

"எனக்குக் குடுங்க" என்றாள்.

உருண்டையைத் தட்டின் ஓரத்திலேயே பிடித்திருந்தேன்.

"குடுங்கங்க."

வாயைத் திறந்தாள். ஊட்டினேன். அவள் உதடு என் விரலில் பட்டது. கண்ணைத் துடைக்காமல் மென்று விழுங்கினாள். முல்லை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு" என்றாள் கோகிலா.

இன்னொரு உருண்டை பிடித்தேன்.